புரிந்தது என்னும் தீர்ப்பும் உடன் கற்போரும்

பாடம் புரிவது ஒன்று. அது புரிந்துவிட்டது என்று மாணவன் தனக்குள் தீர்மானித்துக்கொள்வது மற்றொன்று. முன்னது பொருளைப் பற்றிய அறிவு, பின்னது அந்த அறிவைப் பற்றிய அறிவு. நியாய நூலார் இவ்விரண்டையும் பிரித்து, குடத்தைக் காணும் அறிவை வியவசாயம் என்றும், குடத்தைக் காண்கிறோம் என அக்காட்சியையே பொருளாகக் கொண்டு அடுத்து எழும் அறிவை அநுவியவசாயம் என்றும் பெயரிட்டனர். கிரேக்கத்தில் பிளேட்டோ, தான் அறிந்தது எது, அறியாதது எது என்று ஒருவனுக்குக் காட்டும் தனி அறிவு உண்டா, உண்டெனில் அதனால் விளையும் பயன் என்ன என்னும் வினாக்களைத் தம் ‘கார்மிடீஸ்’ உரையாடலில் சாக்ரடீசின் வாயிலாக எழுப்பி, முடிவு எட்டாமலேயே அவ்வுரையாடலை நிறுத்தினார். இவ்வாறு ஆராய்ந்தோர் பெரும்பாலும் தனி ஒருவனின் உள்ளத்தையே ஆய்வுக்களமாகக் கொண்டனர். மாணவனோ தனித்திருந்து கற்பதில்லை. இருபுறமும் முன்னும் பின்னும் பிற மாணவர் அமர்ந்திருக்க, அவர்கள் தலையசைப்பதையும் விழிப்பதையும் பார்த்துக்கொண்டே கற்கிறான். ஆகவே தன் புரிதலைப் பற்றி அவன் கொள்ளும் தீர்ப்பில் உடன் கற்போருக்கு உள்ள பங்கு எத்தகையது, அப்பங்கு அவனை உண்மைக்கு அருகில் கொண்டுசெல்வதா, அதிலிருந்து விலக்குவதா என்பது கல்வியியல் நுட்பம் பற்றிய சிறு வினா அன்று. ஒருவனின் அறிவு எவ்வளவு தூரம் அவனுடையது என்னும் மெய்யியல் வினாவே அது.

இவ்வினாவை எண்ணிப் பார்க்க மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டப்புறம் ஏற்ற களம். பகாங் மாநிலத்தில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில், திரிங்காப்பைக் கடந்ததும் வருகிற கோலா தெர்லாவும் அதன் சுற்றுவட்டாரமும் இன்று காய்கறித் தோட்டங்களால் அறியப்பட்டாலும், அம்மலையில் தமிழர் வாழ்வு தேயிலையோடு தொடங்கியது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார்; 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் உருவானது; கம்போங் ராஜாவை அடுத்த புளூவேலித் தோட்டமும் இவ்வரிசையில் சேர்வது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்ததால், மலாயாத் தோட்டங்களில் ஒரே அறையும் ஒரே ஆசிரியருமாகப் பல தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. பின்னாளில் தமிழ்க் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததாலும், கொழுந்து பறிக்கும் வேலைக்கு அயல்நாட்டுத் தொழிலாளர் வந்ததாலும் தோட்டப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை சுருங்கியது. மலேசியக் கல்வி அமைச்சு 150-க்கும் குறைந்த மாணவர் உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என வகைப்படுத்துகிறது. மொத்த எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே இறங்கினால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் அமர்த்திக் கற்பிக்கும் கூட்டு வகுப்பு முறை கையாளப்படுகிறது.

ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், மாணவன் தன்னை ஒப்பிட்டுக்கொள்ள முப்பத்தொன்பது அளவுகோல்கள் இருக்கும். ஐந்து பேர் மட்டுமே உள்ள வகுப்பில் முதலாம் ஆண்டு தொடங்கி ஆறாம் ஆண்டு வரை அவனுக்கு வாய்ப்பவை அதே நான்கு முகங்கள். அந்நால்வரும் ஒரே லயத்துப் பிள்ளைகள். ஒரே கோயில் திருவிழாவில் ஓடியாடியவர்கள். யார் வீட்டில் யார் படித்தவர், யார் அண்ணன் இடைநிலைப்பள்ளியில் எத்தனையாவதாக வந்தான் என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் தெரியும். இவர்களுள் ஒருவன் கெட்டிக்காரன் என முதலாம் ஆண்டிலேயே பெயர் பெற்றுவிட்டால், மற்ற நால்வரின் புரிதலுக்கும் அவன் முகமே எல்லைக்கல் ஆகிவிடும். அவன் புருவம் சுருக்கினால் பாடம் கடினம். அவன் எழுதத் தொடங்கிவிட்டால் பாடம் எளிது. உடன் கற்போரின் செல்வாக்கு பெருங்கூட்டத்தில் பரவி மங்கிவிடுவது. சிறு வகுப்பில் அது திரண்டு நிற்பதால் கண்ணால் காணக்கூடிய அளவுக்குத் தெளிவாகிறது.

21-ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்ற பெயரில் மலேசியப் பள்ளிகளில் பரவிய உத்திகளுள் ஒன்று சாலை விளக்கின் மூன்று வண்ணங்களைப் பயன்படுத்துவது. பாடம் முடிந்ததும் நன்கு புரிந்தவர் பச்சை அட்டையையும், ஐயம் உள்ளவர் மஞ்சள் அட்டையையும், புரியாதவர் சிவப்பு அட்டையையும் உயர்த்த வேண்டும். மாணவன் தன் புரிதலைத் தானே மதிப்பிட்டு அறிவிக்கட்டும் என்னும் நல்ல நோக்கத்தோடு எழுந்த இவ்வுத்தி, இங்கிலாந்தில் பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட வகுப்பறை மதிப்பீடு பற்றிய ஆய்வுகளுக்குப் பின் உலகெங்கும் பரவியது. அட்டை உயரும் கணத்தைக் கூர்ந்து கவனித்தால் அதன் உள்ளியக்கம் தெரியும். ஆசிரியர் கேட்டவுடன் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயர்வதில்லை. முதலில் ஒரு பச்சை எழும். பிறகு ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் மேசைக்கடியில் மஞ்சளைப் பற்றியிருந்த விரல்கள் அதை விடுத்துப் பச்சையைத் தேடும். அதன்பின் மூன்று பச்சைகள் சேர்ந்தாற்போல் உயரும். கடைசிப் பிள்ளை எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தானும் பச்சையையே காட்டும்.

அப்பிள்ளை பொய் சொன்னது என்று கருதுவது அவசரத் தீர்ப்பு. பச்சை அட்டைகளைக் கண்ட அக்கணத்தில் தனக்கும் புரிந்துதான் இருக்கிறது என்று அது உண்மையாகவே நம்பியிருக்கக்கூடும். இச்சிக்கலின் ஆழம் இங்கேதான் இருக்கிறது. சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் முன்வைத்த ஒப்பீட்டுக் கோட்பாடு, தன் கருத்தையும் திறனையும் அளந்து பார்க்கப் புறத்தே உறுதியான அளவை கிடைக்காதபோது மனிதர் பிறரோடு ஒப்பிட்டே தம்மை மதிப்பிடுகின்றனர் என்கிறது. புரிதலுக்கு அத்தகைய அளவை பாடம் நடக்கும் நேரத்தில் கிடைப்பதில்லை. உயரத்தை அளக்க நாடா உண்டு. புரிதலுக்குச் சோதனை வரும்வரை அண்டை முகமே நாடா.

இவ்வுண்மையைத் தமிழ் மரபு மிக முன்னரே கண்டிருந்தது. திருக்குறளின் சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில் வள்ளுவர், ஒருவனது மனத்துக்குள் இருப்பதுபோலத் தோற்றங்காட்டும் அறிவு உண்மையில் அவன் சேர்ந்த இனத்தில் இருப்பதே என்னும் பொருள்பட ஒரு குறள் அமைத்திருக்கிறார். இவ்வதிகாரம் தீயோர் கூட்டத்தை விலக்குக என்னும் ஒழுக்க அறிவுரையாகவே பள்ளிகளில் கற்பிக்கப்படுவதால், இந்த ஒரு குறளில் அடங்கிய அறிவுக்கோட்பாடு கவனம் பெறாமல் போயிற்று. கூட்டம் நடத்தையை மாற்றும் என்பதோடு அவர் நிற்கவில்லை. அறிவின் இருப்பிடமே கூட்டம் என்றும், தன் உள்ளத்தில் அது இருப்பதாக ஒருவனுக்குத் தெரிவது வெறும் தோற்றம் என்றும் அவர் சொல்கிறார்.

அமெரிக்காவில் ஸ்டீவன் ஸ்லோமன், நத்தானியேல் ராப் ஆகிய இருவரும் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இக்குறளுக்கு உரை எழுதினாற்போல் அமைந்திருக்கிறது. கற்பனையான ஓர் இயற்கை நிகழ்வைப் பற்றி மக்களிடம் சொல்லி, அதை அறிவியலாளர் முழுமையாக விளக்கிவிட்டனர் என்று ஒரு சாராருக்கும், இன்னும் விளக்கவில்லை என்று மறு சாராருக்கும் அறிவித்தபின், அந்நிகழ்வைத் தாங்கள் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். விளக்கம் எதுவும் யாருக்கும் தரப்படவில்லை. ஆயினும் வேறு யாரோ விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்டவர்கள், தங்கள் புரிதலையும் சற்று உயர்த்தியே மதிப்பிட்டார்கள். அந்த விளக்கம் பிறர் அணுக முடியாத இரகசியம் என்று சொன்னபோது அவ்வுயர்வு மறைந்துபோயிற்று. கேட்டால் கிடைக்கும் தொலைவில் இருக்கும் அறிவை மனம் தன் உடைமையாகவே எண்ணிக்கொள்கிறது என்பது இதன் பொருள். பக்கத்து மேசையில் இருப்பவனுக்குத் தெரியும், அவனைக் கேட்டுக்கொள்ளலாம் என்னும் நிலையில் உள்ள மாணவனுக்கும் இதுவே நேர்கிறது. நண்பனின் அறிவு அவனுக்குள் தன் அறிவாகத் தோற்றம் கொள்கிறது. தேர்வறையில் நண்பன் தொலைவில் அமர்த்தப்படும்போதுதான் அந்தத் தோற்றம் கலைகிறது.

எதிர்த்திசையிலும் இதே மயக்கம் நேர்கிறது. டேல் மில்லர், கேத்தி மெக்ஃபார்லண்ட் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் விளங்காதபடி எழுதப்பட்ட கட்டுரை ஒன்றைச் சிறு குழுவாக அமர்ந்த மாணவரிடம் கொடுத்து, கடுமையான இடர்ப்பாடு இருந்தால் எழுந்து வந்து கேட்கலாம் என்றனர். ஒருவரும் எழவில்லை. தான் எழாததற்குக் கூச்சமே காரணம் என்று ஒவ்வொருவரும் அறிந்திருந்தும், மற்றவர் எழாததற்கு அவர்களுக்குப் புரிந்துவிட்டதே காரணம் என்று நினைத்தனர். எல்லாரும் ஒரே அறியாமையில் இருக்க, ஒவ்வொருவரும் தாம் ஒருவரே அறியாதவர் எனக் கருதும் இந்நிலையை உளவியலார் பன்மை அறியாமை என்கின்றனர். ஆசிரியரைக் கேள்வி கேட்பது எதிர்த்துப் பேசுவதற்கு ஒப்பானது என்று வீட்டிலேயே பழக்கப்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளிடம் இந்த மௌனம் இன்னும் இறுகியது. பெரியவர் சொன்னால் தலையாட்ட வேண்டும் என்பதை மரியாதையாகக் கற்ற பிள்ளைகள் ஐவர் ஓர் அறையில் இருந்தால், அங்கே ஐந்து தலைகள் ஆடும்; ஒவ்வொரு தலையும் மற்ற நான்குக்குச் சான்றாகும்.

அறிவுக்குச் சான்று எது என்னும் இடத்தில்தான் இந்திய மெய்யியலின் பழைய வழக்கு ஒன்று இங்கு உதவுகிறது. குமாரிலர் முதலிய மீமாம்சகர், ஓர் அறிவு தோன்றும்போதே அதன் உண்மையும் உடன் அறியப்படுகிறது, அதைத் தவறெனக் காட்டும் வேறொன்று எதிர்ப்படும்வரை அதற்குத் தனிச் சான்று வேண்டியதில்லை என்றனர். இது சுவதப் பிராமாண்யம், அதாவது அறிவின் தற்சான்றுக் கொள்கை எனப்படும். நியாய நூலார் இதை மறுத்து, அறிவு தோன்றுவது வேறு, அது சரியென அறியப்படுவது வேறு, சரியென்பது புறத்திலிருந்தே, குறிப்பாக அந்த அறிவை நம்பிச் செயல்பட்டு அச்செயல் பலிப்பதிலிருந்தே உறுதியாகும் என்றனர்; இது பரதப் பிராமாண்யம், அதாவது பிறசான்றுக் கொள்கை. தொலைவில் தெரிவது நீரா கானலா என்பது கண்ணை மேலும் அகல விழிப்பதால் தெளிவதன்று. நடந்து சென்று அள்ளிக் குடித்தால் தெளியும்.

மீமாம்சகரின் கொள்கைக்கு வலிமை இல்லாமல் இல்லை. ஒவ்வோர் அறிவுக்கும் மற்றோர் அறிவே சான்றாக வேண்டுமென்றால், அந்தச் சான்றுக்கும் சான்று வேண்டும், முடிவே இராது. அன்றாட வாழ்வில் மனிதர் தம் அறிவை நம்பியே நடக்கின்றனர். ஆயினும் கற்பவனின் நிலையில் வைத்துப் பார்க்கையில் நியாய நூலாரின் பக்கமே நியாயம் இருக்கிறது. தெரிந்த பாதையில் நடப்பவனுக்குத் தற்சான்று போதும். புதிதாகக் கற்பவன் எதைக் கொண்டு தன் அறிவைச் சோதிப்பானோ, அந்த அளவையையே அப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறான். பின்னக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கால் பெரிதா, மூன்றில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டால், நான்கு என்னும் எண் மூன்றை விடப் பெரிதாதலால் கால்தான் பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் உண்டு. அப்பிள்ளைக்குத் தன் விடையில் சிறு ஐயமும் இராது. உள்ளே எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெளிவே தென்படும். அதற்குக் குறைவாக இருப்பது தெளிவன்று. அத்தெளிவைக் குலைக்கக்கூடிய ஏதோ ஒன்று அதன் முன் வராததே குறை. அந்த ஒன்று ஒரு ரொட்டியாக இருக்கலாம், வெட்டப்படும் காகிதமாக இருக்கலாம், ‘அப்படியானால் நூறில் ஒரு பங்கு அதைவிடப் பெரிதா?’ என்று கேட்கும் வகுப்புத் தோழியாகவும் இருக்கலாம்.

ஐவரும் காலே பெரிது என்று ஒருமித்தால் என்ன ஆகும்? உடன் கற்போர் புறச்சான்று ஆவர் என்பவர் எதிர்கொள்ள வேண்டிய கடினமான தடை இது. விட்கென்ஸ்டைன், அவர் மறைவுக்குப் பின் 1953-இல் வெளிவந்த ‘மெய்யியல் ஆய்வுகள்’ நூலில், விதியைப் பின்பற்றுவதாக ஒருவன் நினைத்துக்கொள்வதும் உண்மையில் விதியைப் பின்பற்றுவதும் வேறு வேறானவை, ஆகவே ஒருவன் தனக்குள் மட்டும் ஒரு விதியைப் பின்பற்ற இயலாது என்று வாதிட்டார். சரி, தவறு என்னும் வேறுபாடு பொதுவான வழக்கத்துள்தான் பொருள் பெறும் என்று இதைச் சிலர் விரித்துரைத்தனர். ஆனால் ஐவரின் ஒருமைப்பாடு காலைப் பெரிதாக்கிவிடாது. அவ்வகுப்புக்கு அப்பால் இன்னொரு பெரிய கூட்டம், கணக்குத் தெரிந்தவர் கூட்டம் இருக்கிறது. அதற்கும் அப்பால் வெட்டப்படும் ரொட்டி இருக்கிறது. ஆகவே உடன் கற்போர் ஒருமித்துத் தலையசைப்பது சான்று ஆகாது. அவர்கள் ஒருவரையொருவர் பொருளின் முன் கொண்டுபோய் நிறுத்துவதே சான்றுக்கு வழி. நியாய நூலார் சொன்ன செயல் பலிப்பும் அதுவே. இவ்வேறுபாட்டை இழந்துவிட்ட குழுக்கற்றல், தவறான விடையை ஐந்து மடங்கு உறுதியாக்கும் ஏற்பாடாக முடியும்.

மாணவன் தன் புரிதலை மதிப்பிடுவதற்கும் தன்னையே மதிப்பிடுவதற்கும் நெருங்கிய உறவு உண்டு. முன்னதில் நேரும் பிழை நாளடைவில் பின்னதில் ஊறிவிடுகிறது. இவ்விடத்தில் சைவ சித்தாந்தம் சொல்வது கருதத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் எட்டாம் நூற்பா, ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்திருக்கும் உயிரைப் பேசுகிறது. அரசன் மகன் வேடர் குடியில் வளர்ந்தால் தன்னை வேடனாகவே அறிவான். அவனை யாரும் ஏமாற்றவில்லை, அவன் கண்முன் இருந்த முகங்களுள் வேறு அளவை இல்லை. அவன் இன்னான் என்று உணர்த்தக் குருவாக ஒருவர் வந்தாக வேண்டும். உயிர் தானாகவே அறிந்துகொள்வதன்று, அறிவிக்க அறிவது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே ஆவது என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. இதைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். சமய நெறியில் இக்கொள்கை வீடுபேற்றை நோக்கியது. நூலின் இறுதி நூற்பா அடியாரோடு கூடியிருத்தலை வலியுறுத்துவதும் இதனால்தான். உயிரின் இயல்பு சார்பிலிருந்து விடுபடுவதன்று, எதைச் சார்வது என்பதே அதன் முன் உள்ள தெரிவு என்று சித்தாந்தம் காண்கிறது. கல்வியிலும் உடன் கற்போரின் தாக்கமே இல்லாத தூய சுயமதிப்பீடு என்று ஒன்றைத் தேடுவது வீண். அப்படி ஒன்று உயிருக்கு இயலாது என்பதை ஒப்புக்கொண்டே மேற்செல்ல வேண்டும்.

வேடரிடை வளர்ந்த அரசகுமாரனின் நிலை மலைப்பள்ளிப் பிள்ளைக்கு நேர்மாறாகவும் நேர்கிறது. ஐவருள் முதல்வனாக ஆறாண்டு இருந்த பிள்ளை, தமிழ்ப்பள்ளியை முடித்து, மலாய் மொழியில் பாடங்கள் நடக்கும் இடைநிலைப்பள்ளியில் நூற்றுக்கணக்கானோருள் ஒருவனாகப் போய் அமர்கிறான். தேசிய மொழியில் போதிய தேர்ச்சி இல்லையெனில் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்கிறான். அவனுக்குத் தெரிந்த அறிவியலும் கணக்கும் ஓரிரவில் குறைந்துவிடவில்லை, அளவை மாறியது. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1987-இல் எழுதிய கட்டுரையில், ஒத்த திறனுடைய இரு மாணவருள் திறன் மிக்கோர் நிறைந்த பள்ளியில் படிப்பவன், மற்றவனைவிடத் தன் கல்வித்திறனைத் தாழ்வாக மதிப்பிடுகிறான் என்று காட்டினார். பல நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளும் இதையே கண்டன. புகுமுக வகுப்பிலிருந்து படிப்பை விட்டுத் தோட்ட வேலைக்கோ கடை வேலைக்கோ போன தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி மலேசியத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாகக் கவலைப்பட்டு வந்திருக்கிறது. வறுமை, மொழி, போக்குவரத்து எனக் காரணங்கள் பல. அவற்றுள் எதையும் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும், ‘நமக்கு இதெல்லாம் ஏறாது’ என்று அப்பிள்ளை தன்னைப் பற்றி வழங்கிக்கொண்ட தீர்ப்பும் அக்காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்து எண்ணப்பட வேண்டியது. அது மலாய் மொழியில் பாடத்தைப் பின்தொடர முடியாமைக்கும் பாடமே புரியாமைக்கும் இடையே வேறுபாடு காணாத தீர்ப்பு. சுற்றியிருந்தோர் வேகமாகத் தலையசைத்ததைப் பார்த்து எழுந்த தீர்ப்பு.

இதுவரை கண்டவை உடன் கற்போரை ஒருவகைக் கேடாகவே காட்டும். தமிழ் இலக்கண மரபோ அவர்களுக்குப் புலமையில் உறுதியான பங்கொன்றை வகுத்து வைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் உரைத்ததை மாணவன் முற்றும் நிறைவாக ஏற்றுக்கொண்டாலும் அவன் பற்றுவது புலமையின் கால்பங்குக்கு மேல் இல்லை என்கிறது. தன்னோடு ஒத்த கல்வியில் ஈடுபட்டோருடன் பயில்வதால் இன்னொரு கால்பங்கும், பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் வந்து சேரும் என்று அது கணக்கிடுகிறது. ஏறக்குறைய இதே போன்ற பங்கீடு வடமொழி வழக்கிலும் உண்டு. அங்கே கால் ஆசிரியரிடமிருந்தும், கால் சொந்த மதியாலும், கால் உடன் பயில்வோராலும், கால் காலம் செல்லச் செல்லவும் வருவதாகச் சொல்லப்படுகிறது. சொந்த மதிக்கெனத் தனிப்பங்கு எதையும் நன்னூல் ஒதுக்காதது கவனிக்கத்தக்கது. மதி வேண்டாம் என்பதன்று இதன் கருத்து. பயில்வதிலும் உரைப்பதிலுமே மதி தொழிற்படுகிறது என்று நன்னூல் கொண்டதாகக் கொள்ளுதல் பொருந்தும்.

நிறைவாக ஏற்றுக்கொண்டாலும் கால்பங்குதான் என்னும் அக்கூற்று, முழுமை வந்துவிட்டதாக மாணவன் உணரும் நிலையும் உண்மையில் அவன் பெற்ற அளவும் ஒன்றல்ல என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. பாடம் முடிந்த கணத்தில் உயரும் பச்சை அட்டை அந்தக் கால்பங்கைக் கண்டு எழுந்தது. எஞ்சிய முக்கால் பங்கு இன்னும் தொடங்கவே இல்லை. தொடங்காத ஒன்று குறைவாக உணரப்படுவதும் இல்லை. நன்னூல் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என எட்டாகப் பகுத்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அது ஆசிரியர் மாணவனை மேலிருந்து பார்த்து இடும் தரவரிசை மட்டுமே. அதைவிட மேலானது, நூல் பயிலும் முறையை அதே நூல் படிப்படியாகச் சொல்லுமிடம். பாடத்தைப் போற்றுதல், கேட்டதை நினைத்தல், ஆசிரியரை அடுத்து மீண்டும் கேட்டல் என்று வந்து, தகுதியுடைய உடன் பயில்வோரோடு பழகுதல், அவர்களை வினவுதல், அவர்கள் வினவியவற்றுக்கு விடை கூறுதல் என்று அம்முறை நிறைகிறது. உடன் கற்போரை ஒப்பீட்டுக்குரியவராக அன்றி வினவுவோராகவும் வினவப்படுவோராகவும் நன்னூல் காண்பதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது.

நியாய சூத்திரமும் இதற்கு இணையாக, உண்மை காணும் நோக்குடைய வாதத்தில் ஒருவன் யாருடன் ஈடுபட வேண்டும் என்று சொல்லும்போது, மாணவர், ஆசிரியர், உடன் கற்போர், நலம் நாடும் பிறர் ஆகியோரை எண்ணி, அவர்கள் அழுக்காறு இல்லாதவராக இருத்தல் வேண்டும் என ஒரு நிபந்தனையும் விதிக்கிறது. வெல்வதையே நோக்கமாகக் கொண்ட ஜல்பத்திலிருந்தும், எதிர்ப்பதை மட்டுமே செய்யும் விதண்டையிலிருந்தும் வாதத்தை அந்நூல் வேறுபடுத்தியிருப்பதால், அழுக்காறின்மை என்பதை வெறும் நல்லொழுக்க அறிவுரையாகக் கொள்ள முடியாது. அது அறிவு பெறுவதற்கான நிபந்தனை. பக்கத்தில் இருப்பவன் முந்திவிடுவானோ என்று அஞ்சுகிற மாணவன் தன் அறியாமையை அவன் முன் வைக்க மாட்டான். வைக்காத அறியாமை திருத்தம் பெறாது. வகுப்பில் தரவரிசையை எந்நேரமும் நினைவூட்டிக்கொண்டிருப்பது, அவ்வகையில் புரிதல் பற்றிய தீர்ப்பையே கெடுக்கும் செயல்.

இவ்வழியில் உடன் கற்போரால் விளையும் நன்மைக்கு அண்மைக்கால ஆய்வும் துணை நிற்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பு ஒன்றில் மிஷெல் ஸ்மித்தும் அவர் குழுவினரும் நடத்தி 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், மாணவர் ஒரு வினாவுக்கு முதலில் தனியே விடையளித்து, பிறகு அண்டையாரோடு பேசி, அதன்பின் அதே கருத்தைச் சோதிக்கும் வேறொரு வினாவுக்கு மீண்டும் தனியே விடையளித்தனர். பேசியபின் விடைகள் திருந்தின. கெட்டிக்காரன் சொன்னதை மற்றவர் எழுதிக்கொண்டிருப்பர் என்று ஐயுற இடமுண்டு. ஆனால் குழுவில் ஒருவருக்குமே தொடக்கத்தில் சரியான விடை தெரியாதிருந்த இடங்களிலும் முன்னேற்றம் காணப்பட்டது. காரணங்களைச் சொல்ல வேண்டி வந்ததும், சொன்ன காரணம் நிற்கிறதா என்று பிறர் கேட்டதும் அவர்களைப் பொருளின் முன் கொண்டுபோய் நிறுத்தின.

சிறுவர் சிறுவருக்குக் கற்பிக்கும் முறையை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றதும் தமிழ்நாட்டுத் திண்ணைப்பள்ளி வழக்கமே. சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் மூத்த சிறுவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பித்து, 1797-இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது பரவியது. ஆனால் திண்ணையின் சட்டாம்பிள்ளையும் பெல்லின் சட்டாம்பிள்ளையும் ஒப்பித்தலைச் சரிபார்த்தனரேயன்றிப் புரிதலைச் சோதிக்கவில்லை. சொன்னதைச் சொல்கிறானா என்பதே அவர்கள் கேள்வி. அம்முறையில் நன்னூலின் அரைப்பங்கு சட்டாம்பிள்ளைக்கு ஓரளவு கிடைத்திருக்கலாம். ஒப்பித்தவனுக்குக் கிளியின் இடம்தான் கிடைத்தது.

கேமரன் மலையின் சிறு பள்ளிகள் குறைபாடாகக் கருதும் கூட்டு வகுப்பு, இந்நோக்கில் பார்த்தால் அரிய வாய்ப்பு. நான்காம் ஆண்டுப் பிள்ளை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பின்னத்தை விளக்கத் தொடங்கும்போது, ‘ஏன்?’ என்று அச்சிறு பிள்ளை கேட்கும் ஒற்றைச் சொல், எந்த வண்ண அட்டையும் காட்டாததைக் காட்டிவிடும். விளக்கம் பாதியில் நின்றுபோகும் இடமே அதன் புரிதல் நின்றிருக்கும் இடம். அங்கே போட்டி இல்லை; மூன்றாம் ஆண்டுப் பிள்ளை நான்காம் ஆண்டுப் பிள்ளையின் இடத்தைப் பறிக்கப்போவதில்லை. நியாய சூத்திரம் கேட்ட அழுக்காறின்மை வயது வேறுபாட்டால் தானே அமைந்துவிடுகிறது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-இல் நீக்கப்பட்டபின் மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் வகுப்பறை மதிப்பீட்டுக்குக் கூடுதல் எடை கிடைத்திருக்கிறது. அதன் ஆறு அடைவுநிலைகளில் முதலாவது அறிதல், இரண்டாவது அறிந்து புரிதல், மூன்றாவது அறிந்து புரிந்து செய்தல்; ஆறாவது பிறருக்கு முன்மாதிரியாகச் செய்தல். புரிதலுக்குமேல் செயலையும், செயலுக்குமேல் பிறரை நோக்கிய நிலையையும் வைக்கும் இப்படிவரிசை, நன்னூலின் பங்கீட்டுக்கு எதிரானதன்று. ஆனால் இரண்டாம் நிலையை ஆசிரியர் எப்படி அறிவார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘புரிந்ததா?’ என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டு, எழும் ஆமோதிப்பை அறிவாகப் பதிவதை ஆசிரியர்கள் கைவிட வேண்டும். அக்கேள்விக்கு வரும் விடை மாணவரின் அறிவைப் பற்றியதன்று, ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் படித்தார்கள் என்பதைப் பற்றியது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிள்ளையும் முதலில் யாரையும் பாராமல் தன் விடையைத் தாளில் எழுதட்டும். பின் பக்கத்தில் இருப்பவரிடம் காரணத்தோடு அதைச் சொல்லட்டும். அவர் கேட்கும் கேள்விக்கு நின்று விடையளிக்கட்டும். இறுதியில் காகிதத்தை வெட்டியோ கணக்கைச் செய்தோ இருவரும் சேர்ந்து சரிபார்க்கட்டும். ஐந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம் போதும்.